மால்கம் யங்கை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்: கிட்டார் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மாடியில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருபவர், இசைப்பள்ளியில் கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்பவர், யூடியூபில் பாடம் போடுபவர், யாராக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான்.

ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசியின் ரிதம் கிட்டார் கலைஞர் மால்கம் யங் 2017 நவம்பர் 18 அன்று காலமானார். வயது 64. அவர் போய் இவ்வளவு காலம் ஆகியும், அவர் பேரைச் சொல்லி, அவர் கை எப்படி வேலை செய்தது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்துகிற ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவருடைய தம்பி ஆங்கஸ் யங்கைத் தெரியாத மாணவன் கிடையாது. பள்ளிச் சீருடையும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு மேடை முழுக்க ஓடுகிறவர், யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவர் ஓட முடிந்ததே பின்னால் ஒருவர் நின்ற இடத்தில் நின்று வாசித்ததால்தான்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ரிதம் வாசிப்பதை, அதாவது பின்னால் நின்று கார்டுகளைத் தாளத்தோடு பிடித்துக்கொண்டு போவதை, லீட் (முன்னால் வந்து சோலோ வாசிப்பது) கைக்கு வரும்வரை ஒப்பேற்றுகிற வேலையாகச் சொல்லித்தராதீர்கள். அதுவே ஒரு முழு வித்தை, ஒரு ஆள் தன் ஆயுள் முழுக்க அதிலேயே இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்படி இருந்தவர்களில் முதல் வரிசை ஆள் மால்கம், அதனால் அவரை வைத்தே சொல்லுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், நான் பல வருஷமாக ஒரு சின்ன பேண்டில் ரிதம் வாசிக்கிறேன். எங்களோடு சேர்ந்து வாசிக்கப் பையன்களும் பெண்களும் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரு சோலோ வாசித்துக் காட்டுவார்கள். விரல் அப்படி ஓடும், கேட்கவே சந்தோஷமாக இருக்கும். அப்புறம் டிரம்மர் ஒரு சாதாரண நாலு பீட் போடுவார், இதற்கு ஏ கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) மட்டும் பிடித்துக்கொண்டு வா என்போம். எட்டாவது பாருக்குள் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) வேகம் ஏறிவிடும். இல்லையென்றால் கை சும்மா இருக்க முடியாமல் இடையில் ஏதாவது ஒரு சங்கதியைச் செருகும். இது அந்தப் பிள்ளைகளின் குற்றம் இல்லை. நாலு வருஷம் வகுப்புக்குப் போயும், ஒரே கார்டை மூன்று நிமிஷம் விடாமல் வாசி, நான் கேட்கிறேன் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மால்கம் யாரென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1953-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1963-ல், அரசாங்கமே பயணச் செலவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு பிரிட்டனிலிருந்து ஆட்களை வரவழைத்த காலத்தில், குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. சிட்னியில் முதலில் தங்கியது வில்லவுட் குடியேறிகள் விடுதியில். வில்லவுட் என்ற பேரைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு நெஞ்சு ஒரு கணம் நிற்கும். பின்னாளில் அதே இடம் தடுப்பு முகாமாகி, ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடிப் போனவர்களை வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. ஒரு காலத்தில் ஒரு குடும்பத்துக்கு வாசலாக இருந்த இடம் இன்னொரு காலத்தில் இன்னொரு சனத்துக்குச் சிறையானதை நினைக்காமல் என்னால் இந்தக் கதையைக் கடக்க முடியவில்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து பர்வுட் பகுதிக்குப் போனார்கள். அண்ணன் ஜார்ஜ், விடுதியில் பழக்கமான ஹாரி வாண்டாவோடு சேர்ந்து ஈஸிபீட்ஸ் என்ற குழுவில் வாசித்துப் பெரிய பேர் வாங்கினார். மால்கம் பள்ளியை விட்டுவிட்டு உள்ளாடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் பழுது பார்த்தார். 1973-ல் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான், தம்பியைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று சிட்னியில் செக்கர்ஸ் என்ற கிளப்பில் ஏசி/டிசி என்ற பேரில் முதன்முதலாக மேடையேறினார்கள். அந்தப் பேரைக் கொடுத்தது அக்கா மார்கரெட், தையல் மெஷினில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு.

மாணவர்களுக்கு நீங்கள் முதலில் சொல்லவேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மால்கமுக்கு லீட் வாசிக்க வரும். 1975-ல் ஆஸ்திரேலியாவில் வந்த முதல் ஆல்பத்திலேயே சில பாட்டுகளில் அவர் லீட் வாசித்திருக்கிறார், தம்பியோடு மாற்றி மாற்றி. குழு அவருடையது, முடிவும் அவருடையது. அந்த நிலையில் இருபதுகளின் ஆரம்பத்தில் இருக்கிற ஒருவர், தம்பி சோலோ வாசிக்கட்டும், நான் ரிதம் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாக ஒதுங்கினார். பாட்டுக்கு எது வேண்டும் என்று பார்த்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் கடைசிவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. லீட் வராதவன்தான் ரிதம் வாசிப்பான் என்று நம்பிக்கொண்டு உங்கள் வகுப்புக்கு வருகிற பதினாலு வயதுப் பிள்ளைக்கு இது தெரியவேண்டாமா?

அவருடைய கிட்டாரைப் பற்றி ஒரு வகுப்பே நடத்தலாம். 1963-ல் செய்த கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட், ஹாரி வாண்டா வழியாக வந்தது. சிவப்பு நிறத்தில் இருந்ததன் பூச்சைச் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்புவது) கழற்றினார், பிரிட்ஜ் பக்கத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார், கழற்றிய இடத்தில் ஓட்டை அப்படியே தெரியும். பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான் ஆல்பத்துக்கு ஆல்பம், ஊருக்கு ஊர் வாசித்தார். சத்தத்தை மாற்றுகிற பெடல் எதுவும் கிடையாது. கிட்டாரிலிருந்து நேராக மார்ஷல் ஆம்ப்.

கம்பிகளைப் பாருங்கள். இன்றைக்குப் பிள்ளைகள் கடையில் கேட்பது 9 அல்லது 10 செட் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), வளைக்கச் சுலபம் என்பதால். மால்கம் போட்டது 12-ல் ஆரம்பித்து 56-ல் முடிகிற தடித்த செட், அதிலும் ஜி கம்பி சுற்றுக்கம்பி. அந்தக் கம்பியை வளைத்து உருக்கமாக ஒரு சோலோ வாசிப்பது பெரும் கஷ்டம். ஆனால் ஓங்கி அடித்தால் சுருதி அசையாது. தனக்கு என்ன வேலை என்று முடிவு செய்த ஆள் அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி வாத்தியத்தை மாற்றிக்கொண்டார். லீட் பக்கம் திரும்பிப் போகிற எண்ணமே அவருக்கு இல்லை என்பது அந்தக் கம்பியிலேயே தெரிகிறது.

அப்புறம் டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப்பில் கெய்னை ஏற்றினால் வருகிற கரகரப்பு. ஏசி/டிசி பாட்டு வாசிக்கப்போகிறேன் என்றதும் பிள்ளை முதலில் செய்வது கெய்ன் குமிழைக் கடைசிவரை திருப்புவது. தயவுசெய்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மால்கமின் சத்தம் நாம் நினைப்பதைவிட எவ்வளவோ சுத்தமானது. கார்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். ஏ, டி, ஜி, இ என்று முதல் மாதம் நீங்களே சொல்லித்தருகிற ஓபன் கார்டுகளைத்தான் அவர் உலகத்தின் மிகப்பெரிய மைதானங்களில் வாசித்தார். கெய்னை ஏற்றிவிட்டு அதே கார்டை அடித்தால் எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். பெரிதாகக் கேட்பதற்கு வலது கை வேண்டும், மணிக்கட்டிலிருந்து வருகிற அடி வேண்டும். கெய்னைக் குறைத்தால் பிள்ளை செய்கிற தப்பு அத்தனையும் வெளியே தெரியும், அதற்காகவே குறைக்கச் சொல்கிறேன்.

ஏசி/டிசியின் பேக் இன் பிளாக் பாட்டின் ரிஃப்பை, திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிட்டார் துணுக்கை, எல்லாரும் சொல்லித்தருகிறீர்கள். ஆரம்பப் பாடமாக, இ-டி-ஏ, அவ்வளவுதான், அடுத்த வாரம் வேறு பாட்டு. கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது? டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு எண்ணுகிறது, கூடவே அடக்கிய கம்பியில் பிக் சுரண்டுகிற சத்தம். அப்புறம் இ கார்டு, ஒரே ஒரு அடி. உடனே மௌனம். டி மூன்று முறை, மறுபடி மௌனம். ஏ மூன்று முறை. அதற்கு மேல்தான் அந்தச் சின்ன ஓட்டம். மாணவர்கள் எல்லாரும் பயிற்சி செய்வது அந்த ஓட்டத்தை. மால்கம் வேலை செய்வது மௌனத்தில். இ அடித்தவுடனே இடது கை விரல்கள் கம்பியை விட்டு எழும்பாமல் லேசாகத் தளர்ந்து, வலது உள்ளங்கை பிரிட்ஜ் பக்கம் உட்கார்ந்து, ஒரு முனகல்கூட இல்லாமல் சத்தம் அறுந்துபோகவேண்டும், அந்த இடைவெளியில் டிரம்மர் ஃபில் ரட் போடுகிற ஸ்னேர் அடி மட்டும் தனியாக விழவேண்டும். அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. பாட்டு நாலு நிமிஷத்துக்கும் மேல் போகிறது, கடைசிச் சுற்றிலும் அதே அளவு. ஒரு மாணவனிடம் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் அடித்துவிடுவார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த ரிஃப்பை முந்தைய சுற்றுப்பயணத்தின்போதே மால்கம் ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார், இது தேறுமா என்று தம்பியிடம் கேட்டார் என்று ஆங்கஸ் சொல்லியிருக்கிறார். பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்துபோன பிறகு, துக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தபோது, தம்பிக்கு போன் செய்து வா, பாட்டு வேலையைப் பார்ப்போம், சும்மா உட்கார்ந்திருந்தால் தாங்காது என்கிற மாதிரி கூப்பிட்டவரும் மால்கம்தான். புதுப் பாடகராகப் பிரையன் ஜான்சன் வந்தார், பஹாமாஸில் நசாவ் நகரில் ஒலிப்பதிவு நடந்தது, ஜூலை 25 அன்று பேக் இன் பிளாக் ஆல்பம் வெளியே வந்தது. அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் சான்றளிக்கப்பட்ட ஆல்பம் அது. அதன் முதுகெலும்பு முழுக்க ரிதம் கிட்டார்.

இன்னொரு பாட்டு, 1979-ல் வந்த ஹைவே டு ஹெல். அதன் சரணத்தில் பேஸ் கிட்டார் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? கிட்டாரும் டிரம்ஸும் பாடுகிற குரலும்தான். கோரஸ் வரும்போதுதான் கிளிஃப் வில்லியம்ஸின் பேஸ் உள்ளே வரும், அப்போது பாட்டே இரண்டு மடங்கு பெரிதான மாதிரி இருக்கும். அதுவரை பாட்டின் எடை மொத்தமும் ஏ, டி, ஜி என்று சில கார்டுகளின் மேல், நிறைய இடைவெளியோடு நிற்கிறது. அடக்கி வாசிக்கத் தெரிந்தவர்களால் மட்டும்தான் இப்படி ஒரு பாட்டைக் கட்டமுடியும். வகுப்பில் இதை ஒருமுறை ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டுங்கள். சோலோ வருகிற இடத்தில், சோலோவைக் கேட்காதே, பின்னால் போகிறதை மட்டும் பிடி என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

நம் ஊரில் இது புதுசா என்ன? கச்சேரியில் மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தை விட்டால் பாடுகிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் கச்சேரி படுத்துவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல பக்கவாத்தியம் என்று பேர் சொல்லிப் பாராட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காது கிட்டார் வகுப்புக்குள் வந்ததும் எங்கே போய்விடுகிறது?

மேடையில் மால்கம் நின்ற இடத்தையும் காட்டுங்கள், வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. டிரம்ஸுக்குப் பக்கத்தில், தன் ஆம்ப்புகளுக்கு முன்னால், கால் ஒன்று தாளத்துக்கு ஆடிக்கொண்டிருக்க நிற்பார். கோரஸ் பாடவேண்டிய இடம் வந்ததும் நாலடி முன்னால் வந்து மைக்கில் பாடுவார், முடிந்ததும் அப்படியே பின்னால் போய்விடுவார். இரண்டு மணி நேரமும் இதுதான். எந்தப் பாட்டு எடுக்கலாம், எந்த வேகத்தில் எடுக்கலாம், எது சரியில்லை என்றெல்லாம் குழுவுக்குள் முடிவு செய்தவர் அவர், அதை அவருடன் வாசித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், ஆந்த்ராக்ஸின் ஸ்காட் இயன் போன்றவர்கள் ரிதமுக்கு யாரைக் கேட்டார்கள் என்று கேட்டால் மால்கம் பேரைச் சொல்கிறார்கள். அவர் இறந்தபோது, சோலோவுக்கே பேர்போன எடி வான் ஹேலன், ஏசி/டிசியின் உயிரே அவர்தான் என்கிற மாதிரி அஞ்சலி எழுதினார். லீட் வாசிப்பவர்களுக்கு ரிதம்காரரின் அருமை தெரிகிறது. கற்றுத்தருகிற நமக்குத்தான் சொல்லத் தோன்றுவதில்லை.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உங்கள் மாணவர்களுக்கு அதையும் சொல்லவேண்டும். 1988-ல் குடிப்பழக்கத்தை விடுவதற்காகச் சுற்றுப்பயணத்தின் பாதியில் விலகி, அண்ணன் மகன் ஸ்டீவி யங்கை தன் இடத்தில் நிற்கவைத்துவிட்டு, சரிசெய்துகொண்டு திரும்பி வந்தவர் அவர். 2008-ல் பிளாக் ஐஸ் ஆல்பம் வந்த சமயத்தில் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அந்தச் சுற்றுப்பயணம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நடந்தது. தானே எழுதிய ரிஃப்களை, ஆயிரம் முறை வாசித்த ரிஃப்களை, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் உட்கார்ந்து மறுபடி படித்துக்கொண்டு மேடைக்குப் போனார். 2010 ஜூன் 28, ஸ்பெயினின் பில்பாவோ நகரம், அதுதான் அவருடைய கடைசி மேடை. 2014-ல் அவருக்கு டிமென்ஷியா என்று குடும்பம் அறிவித்தது, ஸ்டீவி மறுபடி வந்து நின்றார். 2017 அக்டோபரில் அண்ணன் ஜார்ஜ் போனார், ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, நவம்பரில் மால்கம். சிட்னி புனித மேரி பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது.

ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அந்த மனிதர் பயிற்சி செய்தது எதற்காக? மூன்று கார்டுகளுக்காக. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் வாசித்துவிடலாம் என்று தோன்றுகிற மூன்று கார்டுகள். அதைச் சும்மா ஒப்பேற்ற அவருக்கு மனம் வரவில்லை. 2020-ல் வந்த பவர் அப் ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஆங்கஸ், மால்கம் என்று இரண்டு பேர் பேரும் இருக்கிறது, அண்ணனோடு சேர்ந்து சேர்த்து வைத்திருந்த ரிஃப்களிலிருந்து தம்பி எடுத்துக் கட்டியவை அவை. செத்து மூன்று வருஷம் கழித்தும் ஒரு ரிதம் கிட்டார்காரரின் வேலை மேல் ஒரு குழு நிற்கிறது.

சரி, உங்களால் என்ன செய்யமுடியும்? பாடத்திட்டத்தையே புரட்டிப்போடச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு வகுப்பை ரிதமுக்கென்றே ஒதுக்குங்கள். மெட்ரோனோமை மட்டும் நம்பாதீர்கள், முடிந்தால் டிரம்ஸ் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு உட்காரவைத்து இருவரையும் ஒரே ரிஃப்பை ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள், முதல் நிமிஷத்தையும் ஐந்தாவது நிமிஷத்தையும் பதிந்து போட்டுக் காட்டுங்கள். வேகம் எங்கே ஏறியது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு கிட்டார் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் சோலோ, ஒருவர் ரிதம் என்று கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணை ரிதம் வாசித்தவருக்கு முதலில் போடுங்கள். வருஷக் கடைசியில் பெற்றோர் முன்னால் நடத்துகிற கச்சேரியில் பிள்ளைகள் வரிசையாக வந்து பேக்கிங் டிராக்கைப் போட்டுக்கொண்டு சோலோ வாசித்துவிட்டுப் போகிறார்களே, அந்தப் பேக்கிங் டிராக்கில் இருப்பது முழுக்க இன்னொருவரின் ரிதம். அதையும் மேடையில் ஒரு பிள்ளையே வாசிக்கட்டும். அந்தப் பிள்ளையின் பேரையும் அறிவியுங்கள்.

முக்கியமாக, ரிதம் மட்டும் வாசிக்கிறேன் சார், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று கூச்சத்தோடு ஒரு பிள்ளை வந்து சொன்னால், போகப் போக லீட் வந்துவிடும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அவளுக்கு ஆறுதல் தேவையில்லை. தடித்த கம்பி செட் ஒன்றை வாங்கிக்கொடுத்து, கெய்னைக் குறைத்துவிட்டு, இ கார்டை ஒருமுறை அடித்து நிறுத்தச் சொல்லி ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
ஒரு ரிதம் கிட்டார்காரன்